தாடைக்குள் ஒரு டக்

ஒரு வாயில் முப்பத்தொரு பற்கள் குடியிருந்தன. முப்பத்திரண்டாவதைப் போன மாதம்தான் பிடுங்கியிருந்தார்கள். வாய்க்குச் சொந்தக்காரி பிலோமினா. வலது கன்னம் வலிக்கிறது என்றாள், பல் போயிற்று. வலி மட்டும் போகவில்லை.

"வெள்ளிக்கிழமை உன்னைப் பிடுங்கப் போகிறார்கள். டாக்டர் சொன்னதை நானே கேட்டேன்" என்றது காது, பிடுங்கிய இடத்துக்குப் பக்கத்துக் கடைவாய்ப்பல்லிடம்.

"என்னையா? எனக்குச் சொத்தை உண்டா, ஆட்டம் உண்டா? முறுக்கு முழுவதும் நான்தான் கடிக்கிறேன்."

"எனக்கு மட்டும் சீழ் இருந்ததா? மூன்று மாதம் சொட்டு மருந்து ஊற்றவில்லையா?" என்றது காது.

பல் தாடை மூட்டைப் பார்த்தது. "ஏன்டா, வாய் திறக்கும்போதெல்லாம் டக் டக்கென்று தாளம் போடுகிறாயே, நீ யோக்கியனா?"

"என் எலும்பில் கீறல்கூட இல்லை. எக்ஸ்ரேயிடம் கேள்."

எக்ஸ்ரே தொண்டையைக் கனைத்தது. "உண்மைதான். ஆனால் எனக்கு எலும்புதான் தெரியும். மூட்டு எலும்புகளுக்கு நடுவில் மெத்தை மாதிரி ஒரு ஜவ்வு உண்டு, அது என் கண்ணில் படாது."

"இதை முன்னாலேயே சொல்வதற்கென்ன?" என்றது பல்.

"யாரும் கேட்கவில்லை."

நல்லவேளை, புதிதாக வந்த டாக்டரம்மா கேட்டார். புதன்கிழமை எம்.ஆர்.ஐ. ஸ்கேன் வந்தது. ஊருக்கே கேட்கிற மாதிரி தடதடவென்று பேசுகிற ஜென்மம்.

"வாயை மூடு" என்றது. ஜவ்வு முன்பக்கம் நழுவிக் கிடந்தது.

"இப்போது திற." ஜவ்வு, டக், தன் இடத்துக்குத் திரும்பியது.

"தெரிந்ததா? மூடினால் விலகுகிறது, திறந்தால் சேருகிறது. பல் மேல் பழியில்லை."

டாக்டரம்மா பிலோமினாவிடம், "தூக்கத்தில் பல்லைக் கடிப்பீர்களா?" என்றார்.

கணவர் அந்தோணி முந்திக்கொண்டார். "இவளா? யார் என்ன சொன்னாலும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டாள். தங்கம்."

"அந்தத் தங்கம் பேசாமல் விழுங்கிய வார்த்தையெல்லாம் இருபது வருஷமாக ராத்திரியில் அரைத்தது நான்" என்றது கடைவாய்ப்பல்.

பல்லுக்கு உறை போட்டுத் தூங்கச் சொன்னார் டாக்டரம்மா. அந்தோணிக்குத் திருப்தியில்லை. வெள்ளிக்கிழமை பழைய பல் டாக்டரின் நாற்காலியிலேயே அவளை உட்கார வைத்தார்.

"ஸ்கேன் கிடக்கட்டும் டாக்டர். வந்தது வந்தாயிற்று, பிடுங்கிவிடுங்கள்."

குறடு பளபளத்தது. கடைவாய்ப்பல் ஈறைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது.

"பிடுங்க வேண்டாம்" என்றாள் பிலோமினா. "வாங்க, வீட்டுக்குப் போகலாம். இன்னும் பேச வேண்டியது நிறைய இருக்கிறது."

உள்ளே டக்கென்று ஒரு சத்தம். ஜவ்வு தன் இடத்தில் வந்து உட்கார்ந்தது.