செம்பொடி விலக்கை மூழ்கடிச்சது யாரு

இல்லங்க, நீங்க சொல்றது தப்பு. செம்பொடி விலக்கு பஸ் ஸ்டாப்பைக் குளத்துக்குள்ள போட்டது மரகதவல்லி இல்ல. "படிச்ச முட்டாளுங்க நாலு பேரு"ன்னு எழுதியிருக்கீங்களே, அதுல நாலுங்கிற எண்ணிக்கை மட்டும்தான் சரி. படிப்பு இன்னும் முடியல, அதையும் திருத்திக்கோங்க. மேப்போட கமென்ட் பக்கத்துக்கு வந்து, பேரு போடாம, மூஞ்சிக்குப் பதிலா ஒரு ரோசாப்பூ படத்தை வச்சுக்கிட்டு, ஊரே பாக்க ஏசிட்டுப் போனா ஆச்சா? நடந்தது என்னன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல. நீங்க கேக்கல. அதனால கேக்காமயே சொல்றேன்.

செம்பொடியில இருந்து காலேஜுக்குப் போக ஒரே பஸ்ஸு, 7பி. மெயின் ரோட்டுல இருந்து ஊருக்குப் பிரியற விலக்குல காலைல எட்டேகாலுக்கு நிக்கும். மரகதவல்லி மூணு வருஷமா அதுலதான் போறா. அவ அப்பா பரமானந்தம் ஹாலோபிளாக் பட்டறை வச்சிருக்காரு. பட்டறையில போன் எடுத்து ஆர்டர் எழுத ஆள் இல்ல. "என்னைக்கு அந்த பஸ் நிக்காமப் போகுதோ, அன்னையோட படிப்பை நிப்பாட்டிட்டு இங்க வந்து உக்காரு"ன்னு ரெண்டு வருஷமா சொல்லிக்கிட்டு இருக்காரு. மரகதத்துக்கு நாக்கு நீளம். ஊர்ல யார்கிட்டயும் வாயில தோத்ததில்ல. ஆனா பஸ் நிக்கறதும் நிக்காததும் நாக்கைப் பொறுத்த விஷயம் இல்லியே.

இந்த நேரம் பாத்து டெப்போவுல ஒரு நோட்டீஸ் ஒட்டினாங்க. யாரு வேணும்னாலும் சேர்க்கலாம் திருத்தலாம்னு நெட்ல ஒரு பொது மேப் இருக்குல்லா, அதைப் பாத்துத்தான் இனிமே ஸ்டாப் லிஸ்ட் போடுவாங்களாம். வெள்ளிக்கிழமைக்குள்ள மேப்புல இல்லாத ஸ்டாப்புல பஸ் நிக்காதாம்.

காலேஜுல இதுக்குன்னே ஒரு தன்னார்வக் குழு இருந்துச்சு. மொத்தம் நாலு பேரு. தலைவர் அந்தோணிராஜ்: கொட்டாவி விட்டாக்கூட தீர்மானம் போட்டுட்டுத்தான் விடுவான். பைக் வச்சிருந்தவன் இசக்கியப்பன். நல்ல போன் வச்சிருந்தவ பாத்திமுத்து. நாலாவது மரகதவல்லி; அவகிட்ட கோவம் இருந்துச்சு.

மதுரையில இருந்து ஒரு சார் வந்து அரை நாள் பயிற்சி கொடுத்தாரு. போகும்போது நாலு விதி சொன்னாரு. கண்ணால பாக்காத எதையும் போடாதீங்க. ரோட்டையும் பஸ் ஸ்டாப்பையும் மட்டும் போடுங்க, வேற எதுலயும் கை வைக்காதீங்க. இன்னொருத்தர் போட்டதை அழிக்காதீங்க. மேப்பும் தரையும் ஒண்ணா இருக்கணும், வித்தியாசம் தெரிஞ்சா சும்மா விடாதீங்க. நாலையும் அந்தோணிராஜ் உள்ளங்கையில எழுதிக்கிட்டான். லிஸ்ட் வர்ற வரைக்கும் அந்தக் கையால சோறு சாப்பிடல.

ஞாயித்துக்கிழமை ரோடு போடக் கிளம்பினாங்க. இசக்கியப்பன் பைக் ஓட்ட, அந்தோணிராஜ் பின்னால உக்காந்து ரோட்டைக் கண்ணால பாத்துக்கிட்டே வரணும்னு முடிவு. கிளம்பறதுக்கு முன்னாடியே இசக்கியப்பனுக்கு ஒரு சந்தேகம்.

"கண்ணை இமைச்சா என்னல செய்யது? அந்த நேரம் ரோட்டைப் பாக்கலியே?"

அரை மணி நேரம் பேசினாங்க. இமைக்கற நேரத்துக்குள்ள ரோடு எங்கயும் எந்திரிச்சுப் போயிராதுன்னு மரகதம் வாதாடினா. மூணுக்கு ஒண்ணுன்னு தீர்மானம் நிறைவேறிச்சு. இசக்கியப்பன் எதிர்த்து ஓட்டுப் போட்டான்.

நல்லாத்தான் போச்சு. வடக்குப் பக்கம் செங்கல் சூளைகிட்ட ஒரு காத்து அடிச்சு அந்தோணிராஜ் கண்ணுல தூசி விழுந்துட்டு. கண்ணைக் கசக்கிக்கிட்டே முந்நூறு மீட்டர் வந்துட்டான். திரும்பப் போய்ப் பாக்கலாம்னா பெட்ரோல் இல்ல. பாக்காததைப் போட முடியுமா? முடியாது. அதனால மேப்புல செம்பொடி ரோடு சூளை வரைக்கும் வந்து நின்னு, முந்நூறு மீட்டர் தள்ளி மறுபடியும் ஆரம்பிச்சுச்சு.

மறுநாள் பரமானந்தத்துக்கு சிமெண்ட் ஏத்திக்கிட்டு வந்த லாரி அந்த இடத்துல நின்னுபோச்சு. டிரைவர் வெளியூர்க்காரரு, போனைப் பாத்து வண்டி ஓட்டறவரு. கண்ணு முன்னால தார் ரோடு நீட்டமாக் கெடக்கு. போன்ல ரோடு இல்ல. இறங்கி ஒரு பீடியைக் குடிச்சாரு, யோசிச்சாரு, வண்டியைத் திருப்பிட்டாரு. படிச்ச முட்டாள்னு அவரை மட்டும் யாரும் சொல்லல பாருங்க.

பரமானந்தம் அன்னைக்கு மகள்கிட்ட சத்தம் போடல. சத்தம் போட்டிருந்தா அவ ஜெயிச்சிருப்பா. "உன் மேப்பு என் சிமெண்டைத் திருப்பி அனுப்பிருச்சு. வெள்ளிக்கிழமை லிஸ்டு வரட்டும். விலக்கு இல்லன்னா திங்கக்கிழமையில இருந்து பட்டறை"ன்னு மெதுவாச் சொல்லிட்டுக் கை கழுவப் போயிட்டாரு.

செவ்வாய்க்கிழமை பஸ் ஸ்டாப் போடற வேலை. பஸ் ஸ்டாப்னா என்னங்கிறதுல முதல்ல ஒரு விவாதம். நிழற்குடை இருந்தா ஸ்டாப்பான்னு பாத்திமுத்து கேட்டா. குடைக்குள்ள ஆடுதான் நிக்குது, பஸ் நிக்கலியேன்னு மரகதம் மடக்கினா. கடைசியில அந்தோணிராஜ் தீர்ப்புச் சொன்னான்: "பஸ் எங்க நிக்குதோ அது பஸ் ஸ்டாப். நின்னதைக் கண்ணால பாக்கணும். அம்புட்டுதான்."

நாலு பேரும் 7பியில ஏறி உக்காந்தாங்க. அன்னைக்கு அந்த பஸ் முப்பத்தியொரு இடத்துல நின்னுச்சு. வடை வாங்க கண்டக்டர் இறங்கின இடத்துல ஒண்ணு. பனைமரத்துக்குப் பின்னால டிரைவர் போயிட்டு வந்த இடத்துல ஒண்ணு. ரோட்டுக்குக் குறுக்க ஆடு படுத்திருந்த இடத்துல ஒண்ணு, தள்ளி இன்னொரு ஆட்டுக்கு ஒண்ணு. எல்லாத்தையும் பாத்திமுத்து பேரோட போட்டுட்டா. ஸ்டாப் பேரு "வடை". ஸ்டாப் பேரு "பனை பின்புறம்". ஸ்டாப் பேரு "ஆடு", "ஆடு கிழக்கு".

புதன்கிழமை சரிபாக்கப் போனா ஆட்டைக் காணும். தேடினதுல அரை மைல் தள்ளி மேஞ்சுக்கிட்டு இருந்துச்சு.

"அப்ப ஸ்டாப்பையும் அங்க மாத்தணும்லா?"ன்னான் இசக்கியப்பன்.

"ஆடு நின்னதால ஸ்டாப் இல்லலே. ஆட்டுக்காக பஸ் நின்னதால ஸ்டாப்"ன்னு மரகதம் பாயிண்ட்டைப் பிடிச்சா.

"சரிட்டி. இன்னைக்கு பஸ்ஸு எந்த ஆட்டுக்காக நிக்குதுன்னு யாருக்குத் தெரியும்?"

ஆட்டுக்காரர்கிட்டப் போய், வெள்ளிக்கிழமை வரைக்கும் ஆட்டைப் பழைய இடத்துலயே கட்டிப்போடச் சொல்லி நயமாக் கேட்டாங்க. அவரு கம்பை எடுத்துட்டாரு.

ஓடி வந்து மூச்சு வாங்கும்போதுதான் பாத்திமுத்து போன்ல இருந்த வரிசையை முதல்ல இருந்து படிச்சா. முப்பத்தியொண்ணும் இருக்கு, செம்பொடி விலக்கைக் காணும். நடந்தது இதுதான்: விலக்குல ஏறுற ஒரே ஆளு மரகதம். செவ்வாய்க்கிழமை அவ டெப்போவுலயே ஏறி, பஸ்ஸுக்குள்ள உக்காந்து, ஸ்டாப் எங்கெங்க வருதுன்னு பாத்துக்கிட்டு இருந்தா. விலக்குல ஏறவும் ஆள் இல்ல, இறங்கவும் ஆள் இல்ல. பஸ் நிக்காமப் போயிட்டு.

"மூணு வருஷமா நான் நின்ன ஸ்டாப்பு அது"ன்னா மரகதம்.

"நீ நின்னே, சரி. பஸ் நின்னதைக் குழு பாத்துச்சா?"ன்னான் அந்தோணிராஜ்.

அவளுக்கு ஆத்திரம் பொங்கிக்கிட்டு வந்துச்சு. ஆனா அவ நியாயஸ்தி. பாக்கலங்கிறதை ஒத்துக்கிட்டா.

வியாழக்கிழமை காலைல நாலு பேரும் விலக்குக்கு வந்தாங்க. மரகதம் ரோட்டோரம், "செம்பொடி விலக்கு"ன்னு எழுதின போர்டுக்குக் கீழ நின்னு கையைக் காட்ட, பஸ் நின்னுச்சு. மத்த மூணு பேரும் கண்ணால பாத்தாங்க. கண்டக்டர் ஏறச் சொன்னாரு. ஏறலண்ணே, நீங்க நிக்கறதைப் பாக்கத்தான் வந்தோம்னா மரகதம். அவரு சொன்னதை இங்க எழுத முடியாது.

பாத்திமுத்து உடனே போனை எடுத்து ஸ்டாப்பைப் போட்டா. இன்னொரு கையில வடை. வடையும் போனும் கை மாறும்போது எண்ணெய்ப் பெருவிரல் வழுக்கி, ஸ்டாப் போய் ரோட்டுக்கு எண்பதடி தள்ளி விழுந்துட்டு. ரோட்டுக்கு எண்பதடி தள்ளி என்ன இருக்கு? குளம் இருக்கு. ஐப்பசி மழையில பாதி நெறைஞ்சு கெடக்கு.

"அதை அழிச்சிட்டுப் புதுசாப் போடு"ன்னா மரகதம்.

"இன்னொருத்தர் போட்டதை அழிக்கக் கூடாது"ன்னு அந்தோணிராஜ் உள்ளங்கையைக் காட்டினான்.

"நீதான பாத்திமுத்து போட்டே?"

"அல்லா மேல சத்தியமா நான் போடல. நான் ரோட்டோரம்தான் போட்டேன். இது வடை போட்டது."

வடை இன்னொருத்தரான்னு ஒரு விவாதம் நடந்துச்சு. வடையில பாதியைப் பாத்திமுத்து தின்னுட்டதால அந்தப் பாதி பாத்திமுத்துன்னும், கையில இருக்கற மீதிப் பாதி இன்னொருத்தர்தான்னும் முடிவாச்சு. ஸ்டாப்பை அழிக்க வழி இல்ல. நாளைக்கு லிஸ்ட். மரகதத்துக்குக் கண்ணு முன்னால ஹாலோபிளாக்கா வருது.

அப்பதான் அவளே அந்தோணிராஜ் கையைப் புடுங்கி நாலாவது விதியைப் படிச்சா. மேப்பும் தரையும் ஒண்ணா இருக்கணும். வித்தியாசம் தெரிஞ்சா சும்மா விடக்கூடாது.

"மேப்பைத் தொடக் கூடாதுன்னா தரையைத் தொடுவோம்ல. போர்டைப் புடுங்குங்கல"ன்னா.

பட்டப்பகல்ல, காங்கிரீட் அடியோட போர்டைப் பேத்து, நாலு பேரும் தூக்கிக்கிட்டுக் குளத்துல இறங்கினாங்க. பாத்திமுத்து போனைத் தலைக்கு மேல பிடிச்சு, இன்னும் நாலடி மேக்க, கொஞ்சம் தெக்கன்னு சொல்லிக்கிட்டே வந்தா. முழங்காலுக்கு மேல தண்ணியில போர்டு நிமிந்து நின்னுச்சு. மேப்பும் தரையும் அச்சு அசலா ஒண்ணு. இசக்கியப்பனுக்குக் கண்ணு கலங்கிட்டு.

வெள்ளிக்கிழமை லிஸ்ட் வந்துச்சு. செம்பொடி விலக்கு இருந்துச்சு. "ஆடு கிழக்கு"ம் இருந்துச்சு, அது வேற விஷயம்.

திங்கக்கிழமை எட்டு மணிக்கு மரகதம் பையைத் தலையில வச்சுக்கிட்டு ஸ்டாப்புல போய் நின்னா. மத்த மூணு பேரும் துணைக்கு வரிசையா நின்னாங்க. பஸ் நிக்கலன்னா கையோட கூட்டிக்கிட்டுப் போகப் பரமானந்தம் கரையில வந்து நின்னாரு. 7பி வந்துச்சு. டிரைவர் எட்டிப் பாத்தாரு. லிஸ்டுல பேரு இருக்கு, தண்ணிக்குள்ள போர்டு இருக்கு, போர்டுக்குக் கீழ ஆளும் இருக்கு. "நிக்காமப் போனா என் மேலதான் ரிப்போர்ட்டு எழுதுவானுவ"ன்னு பிரேக்கைப் போட்டாரு. மரகதம் எண்பதடி தண்ணியில நடந்து வந்து ஏறுற வரைக்கும் பஸ் நின்னுச்சு. அவ்வளவு நேரம் அந்த பஸ் எந்த ஸ்டாப்புலயும் நின்னதில்ல, "வடை" உட்பட.

பரமானந்தம் பட்டறைக்குப் போய் பதினாறு ஹாலோபிளாக் ஏத்திக்கிட்டு வந்து, மகள் நிக்கறதுக்குத் தண்ணிக்குள்ள ஒரு மேடை கட்டிக் குடுத்தாரு. "நின்னுருச்சு"ன்னு மட்டும் சொன்னாரு. வாயைத் திறக்காம அப்பாகிட்ட அவ ஜெயிச்சது அது ஒண்ணுதான்.

எல்லாம் நல்லாப் போய்க்கிட்டு இருந்துச்சு ரோசாப்பூ சார், நீங்க வர்ற வரைக்கும். நீங்க மேப்பைத் திறந்தீங்க. ரோட்டுக்குப் பக்கத்துல காலியா இருந்த இடத்துல ஒரு குளத்தை வரைஞ்சு நீலக் கலர் அடிச்சீங்க. அடிச்சிட்டு, குளத்துக்குள்ள பஸ் ஸ்டாப் போட்ட படிச்ச முட்டாளுங்க நாலு பேருன்னு எழுதினீங்க. டெப்போவுல அதைப் பாத்துட்டு, வர்ற வெள்ளிக்கிழமை விலக்கை லிஸ்டுல இருந்து எடுக்கப் போறாங்களாம். பரமானந்தம் மேடையைப் பிரிக்க ஆள் பாத்துக்கிட்டு இருக்காரு.

மரகதம் நேத்து சாயங்காலம் குழுவைக் கூட்டி, நாலு ஓட்டும் வாங்கி, உங்க கமென்ட்டுக்குக் கீழயே இதை எழுதியிருக்கா:

"எங்களுக்கு ரோட்டையும் பஸ் ஸ்டாப்பையும் மட்டும்தான் போடச் சொன்னாங்க. குளத்துல நாங்க கை வைக்கல. நாங்க ஸ்டாப்பைப் போட்டப்ப மேப்புல அந்த இடத்துல ஒரு சொட்டுத் தண்ணி கிடையாது, தேதியைப் பாருங்க. நீங்க குளத்தைப் போட்டதுக்கு அப்புறம்தான் ஸ்டாப் தண்ணிக்குள்ள போச்சு. காஞ்ச தரையில நின்ன எங்க ஸ்டாப்பை மூழ்கடிச்சது நீங்க. இன்னொருத்தர் போட்டதை அழிக்கக் கூடாதுங்கிறதால உங்க குளத்தை நாங்க தொடல; அதனால வியாழக்கிழமைக்குள்ள நீங்களே வந்து அதை வேற எங்கயாவது தள்ளிப் போடுங்க. மேப்புலயும் சரி, தரையிலயும் சரி. தரையில தள்ள ஆள் வேணும்னா நாங்க நாலு பேரு வாறோம், மம்பட்டி உண்டு. என்னைக்கு வாறீங்கன்னு தனியா மெசேஜ் போட்டு நழுவப் பாக்காதீங்க. எல்லாரும் பாக்குற இந்த இடத்துல, சொந்தப் பேரைப் போட்டுப் பதில் சொல்லுங்க."