ஒரு வேலி பறந்தது

நாற்பது ஆண்டுகளில் பதினோரு தடவை உள்ளே போயிருக்கிறேன். மறியலுக்கு ஏழு, முற்றுகைக்கு மூன்று, ஆள் மாறாட்டத்தில் ஒன்று. எனக்குப் பொய் சொல்லத் தெரிந்திருந்தால் இன்றைக்கு ஏதாவது வாரியத்துக்குத் தலைவராகிக் காரில் போய்க்கொண்டிருப்பேன். என் துண்டறிக்கைக்குப் பசை காய்ச்சியவனெல்லாம் அப்படித்தான் போகிறான். ஆகவே நான் சொல்வதை நம்பலாம்.

புயல் அடித்த மூன்றாம் நாள் எங்கள் ஊரே பள்ளிக்கூட வராந்தாவில் வரிசையாக நின்றது. வேலி இழந்தவர்களுக்கு மூங்கிலும் கம்பிச் சுருளும் தருவதாக அறிவிப்பு. எனக்கு அது அவசரம். கொல்லையைச் சுற்றி நான் நட்டுவைத்த கிளுவை வேலி அடியோடு போய்விட்டது. உள்ளே, புயலுக்குத் தப்பிய முப்பது கத்தரிச் செடிகள். வெளியே, பக்கத்து வீட்டு அஞ்சம்மாளின் நான்கு ஆடுகள்.

மனுவை நானே எழுதியிருந்தேன். ‘புயலில் எனக்குச் சொந்தமான ஒரு வேலி முழுவதும் பறிபோயிற்று.’

வி.ஏ.ஓ. அம்மா படித்துவிட்டு நிமிர்ந்தார். “ஒரு வேலியா? இருபது மா நிலமாச்சே, ஆறரை ஏக்கருக்கு மேல. உங்க பட்டாவுல பத்து சென்ட்தானே இருக்கு?”

எங்கள் பக்கத்தில் அடைப்பும் வேலிதான், இருபது மா நிலமும் வேலிதான். ‘அடைப்பைச் சொன்னேன் அம்மா’ என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. ஆனால் கொடுத்த மனுவைத் திருத்துவது வாபஸ் வாங்குவதற்குச் சமம். அந்தப் பழக்கம் எனக்கு இல்லை.

“நிலந்தான்” என்றேன். “பறந்துபோச்சு.”

பின்னால் நின்ற பக்கிரிசாமி தொண்டையைச் செருமினான். “பத்து சென்ட் எப்படித் தோழரே ஒரு வேலியாச்சு?”

“பரோட்டா மாவை வீசி வீசி விரிக்கிறான்ல, அந்த மாதிரி காத்து விரிச்சிடுச்சு.”

“எங்க நிலமும் பக்கத்துலதானே இருந்துச்சு? அது விரியலையே.”

“உன் நிலத்துக்குப் போராட்டக் குணம் கிடையாது.”

வரிசை கலைந்து என்னைச் சுற்றிக்கொண்டது. கூட்டம் கூடிவிட்டால் எனக்கு முழங்கால் வலி தெரியாது.

நடந்ததைச் சொன்னேன். காற்று வேலியைப் பிடித்து இழுத்தது. வேலியோ வேரால் நிலத்தைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. கடைசியில் பாயைச் சுருட்டித் தூக்குவதுபோல நிலம் மொத்தமும் கிளம்பிவிட்டது. நான் மேலே ஏறி நடுவில் உட்கார்ந்து முழக்கம் எழுப்பினேன். மூன்றாவது முழக்கத்தில் காற்று கப்பென்று நின்றது.

“அது புயலோட கண்ணு” என்றான் பக்கிரிசாமி. “ரேடியோவுலயே சொன்னான்.”

“ரேடியோ அரசாங்கத்தோடது. அப்படித்தான் சொல்லும். காத்து என்னோட பேச்சுவார்த்தைக்கு உக்காந்துச்சு. பதினாலு கோரிக்கை வச்சேன். பதிமூணுக்கு ஒத்துக்கிச்சு.”

“பதினாலாவது என்ன?”

“கைதான மரங்களை நிபந்தனை இல்லாம விடுதலை பண்ணணும்னு. அதுல முறிஞ்சுபோச்சு.”

பேச்சு முறிந்ததும் நிலம் கோடியக்கரையைத் தாண்டிக் கடலுக்குமேல் போயிற்று. உப்புக்காற்று பட்டதும் கத்தரிச் செடி ஒவ்வொன்றும் தென்னை உயரம் வளர்ந்து காய்த்தது. காய் ஒன்று கட்டுமரத்தில் விழுந்து கட்டுமரம் முழுகிற்று. யாழ்ப்பாணத்தில் அன்றைக்கு எல்லார் வீட்டிலும் எண்ணெய்க் கத்தரிக்காய்தான்.

வெற்றிலையைக் குதப்பியபடி அஞ்சம்மாள் முன்னால் வந்தாள். “அண்ணே, முப்பது செடியுமா போயிருச்சு?”

“முப்பதும்.”

“ஒண்ணுகூட இங்க நிக்கலியா?”

“வேரோட போச்சும்மா. உலகத்துக்கே சேதி, உனக்குத் தெரியாதா?”

“நீங்க எப்படித் திரும்புனீங்க?” என்றான் பக்கிரிசாமி.

“மனு கொடுக்கணுமே. ஒரு பனைமட்டையில ஏறிக் காத்தை எதுத்து வந்தேன். காத்துகூடப் போய் எனக்குப் பழக்கம் இல்ல.”

வி.ஏ.ஓ. அம்மா சிரிக்கவில்லை. எல்லாவற்றையும் ஒரு வரி விடாமல் எழுதி, அடியில் என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார். பிறகுதான் கேட்டார்.

“நிலம் இப்ப எங்கங்க இருக்கு?”

“நடுக்கடல்ல மிதக்குது.”

“வேலி?”

“அதைச் சுத்தித்தான். ஒரு கிளுவைப் போத்துகூட அசையல. நான் நட்டதாச்சே.”

“ரொம்ப நல்லதுங்க. அப்ப வேலிக்குச் சேதமில்ல.” அந்த அம்மா தாளைத் திருப்பினார். “அடுத்தது யாரு?”

அடுத்தது அஞ்சம்மாள்தான். அவளுக்கு மூங்கிலும் கிடைத்தது, கம்பிச் சுருளும் கிடைத்தது. சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு என்னைத் தாண்டிப் போகும்போது நின்றாள்.

“நல்லவேளை சொன்னீங்க அண்ணே. காலையிலேர்ந்து என் ஆடு நாலும் தின்னுகிட்டு இருக்கறது உங்க கத்தரின்னு நெனச்சு, மனசு கெடந்து அடிச்சிக்கிச்சு.”