நாலாம் மாடிக்கு முன்னால்

இதை முதன்முதல் எனக்குச் சொன்னவள் பரிமளம். போன கார்த்திகையில், கோவில் பிரகாரத்தில் நாங்கள் பூத்தொடுக்கும்போது சொன்னாள். அவள் கணவருக்கு ஆபரேஷன் நடந்த சமயம், ஆஸ்பத்திரிக்கு எதிரே உள்ள மடத்தில் இடம் கேட்டுக் காத்திருந்தாளாம். அங்கே கண்ணால் பார்த்தது இது.

நோயாளிகளோடு வருகிறவர்கள் தங்கத்தான் அந்த மடம். இடம் போதாமல் பன்னிரண்டு குடும்பம் பிளாட்பாரத்தில் படுத்துக் கிடந்தது. அந்த இடத்தில் மூன்று மாடிக்குமேல் கட்ட அனுமதி இல்லை. ஆனால் மழைத்தண்ணீர் பூமிக்குள் இறங்கக் குழி வெட்டிக் கட்டினால் கூடுதலாக ஒரு மாடி கட்டிக்கொள்ளலாம் என்று கார்ப்பரேஷன் சொல்லியிருந்தது.

கட்டடத்தைப் பார்த்துக்கொண்டவர் அருணகிரி, ரிட்டயர்டான இன்ஜினியர். மடத்தை நடத்தும் சுவாமியின் சீடர். குருவைவிடச் சீடருக்குப் பதினைந்து வயது கூட. நாலாம் மாடி எழும்பியது. அதிகாரி வந்து குழாயையும் சிமெண்ட் மூடியையும் பார்த்து, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் காலை அருணகிரி குத்துவிளக்கோடு வந்தார்.

"மேலே வாங்க சுவாமி. நீங்க விளக்கேத்தினதும் வெளியில காத்திருக்கிறவங்களை உள்ளே விட்டுடலாம்."

"முதல்ல குழிகிட்ட ஏத்துவோம். அதனாலதானே மாடி கிடைச்சுது?"

அருணகிரி விளக்கோடு பின்னால் நடந்தார்.

சுவாமி குனிந்து மூடியைப் புரட்டினார். அடியில் வெறும் மண். ஒரு மண்புழு நெளிந்து உள்ளே போனது.

"ரெண்டடியில சுக்கான் பாறை, சுவாமி. உடைக்கப் பத்து நாள் ஆகும். வெளியில ஜனங்க ராத்திரி மழையில நனையறாங்க. அதைப் பார்த்துக்கிட்டு நான் பாறையை உடைக்கவா?"

சுவாமி மூடியைப் பழையபடி வைத்தார்.

"எனக்காகவா செஞ்சேன்? இரக்கப்பட்டுச் செஞ்சா அதுவும் தப்பா சுவாமி?"

சுவாமி தன் அறைக்குப் போனார். பாயையும் செம்பையும் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, காத்திருந்தவர்களைக் கூப்பிட்டார்.

"என் அறையில ரெண்டு குடும்பம் தங்கலாம். மத்தவங்க பூஜை மண்டபத்துல படுத்துக்குங்க. பூஜையை வராந்தாவுல வச்சுக்கலாம்."

பரிமளத்துக்கு மண்டபத்தில் தூணோரம் இடம் கிடைத்தது.

"நீங்க எங்கே படுப்பீங்க?" என்றார் அருணகிரி.

சுவாமி அந்த மூடிக்குப் பக்கத்தில், கட்டட வேலைக்குப் போட்டிருந்த ஷெட்டுக்கு அடியில் பாயை விரித்தார்.

"இங்கேயா? கொசு பிடுங்கும். அதுக்குச் சாமியார்னு தெரியாது."

"உங்களை இன்ஜினியர்னு தெரியுமா? நீங்களும் ஒரு பாய் கொண்டுவாங்க. காலையில சீக்கிரம் ஆரம்பிக்கலாம்."

அருணகிரிக்குச் சிரிப்பு வரவில்லை. அண்ணாந்து மேலே பார்த்தார். புதுச் சுண்ணாம்பு பூசிய சுவர் வெயிலில் பளபளத்தது.

"மேலே பன்னிரண்டு கட்டில் போட்டாச்சு சுவாமி. விரிப்புகூட விரிச்சாச்சு. அந்த நாலாம் மாடியை என்ன பண்றது?"

"பாறையை உடைச்சுட்டுக் கூப்பிடுங்க, ஏறி வர்றேன். அதுவரைக்கும் நம்ம மடம் மூணு மாடிதான்."

அருணகிரி விளக்கைக் கீழே வைத்துவிட்டுக் கடப்பாரையைத் தேடிப் போனார்.

பரிமளம் சொன்னது இவ்வளவுதான். நீங்கள் வீட்டுக்குப் போனதும் மொட்டைமாடியில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். கீழே வந்து, அது உங்கள் வீட்டு மழைக்குழிக்குள் போகிறதா, தெருவுக்குப் போகிறதா என்று பாருங்கள்.