இடுப்பளவு தண்ணீர்

சிவகாமி அம்மை வெளியூர்ப் பயணம் முடிந்து மடத்துக்குத் திரும்பிய காலையில், மாசிலாமணி அவர் முன் வந்து உட்கார்ந்தார். முகத்தில் ஒரு நிறைவு இருந்தது.

குருவுக்கு நாற்பத்திரண்டு வயது. சீடர் பன்னிரண்டு வயது மூத்தவர். உப்பங்கழியின் நடுவே ஒரு தீவு. அதில் முப்பது மீனவர் வீடுகளும் அந்தச் சின்ன மடமும். ஆண்கள் தொழிலுக்குப் போய்விட்டால், அவசரத்துக்குக் கரை சேர மடத்தின் மோட்டார் படகு ஒன்றுதான் உண்டு. நான்கு வருடமாக அதை ஓட்டுவதும் பார்த்துக்கொள்வதும் மாசிலாமணியின் பொறுப்பு.

"அம்மா, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"மூணு நாளைக்கு முன்னாடி நாகவல்லிக்குப் பிரசவ வலி. கரைக்குக் கூட்டிட்டுப் போனேன். பாதி வழியில படகுக்குள்ள தண்ணி ஏறிடுச்சு. தண்ணி இறைக்கிற பம்ப் ஓடல. மோட்டாரும் நின்னுபோச்சு. படகு முங்குது. ஆனா என் மனசு அசையவே இல்லம்மா. பயம் இல்ல, பதட்டம் இல்ல. கண்ணை மூடினேன். உள்ளே அவ்வளவு அமைதி. ரெண்டு நாளா மௌனத்துல இருந்து அதையேதான் நினைச்சுப் பாத்தேன். இதுதானே நீங்க சொல்ற அசையாத மனசு?"

"அந்தப் பொண்ணு?"

"எறா பிடிக்கிறவங்க வந்து தூக்கிட்டாங்க. ஆஸ்பத்திரியில பெண் குழந்தை பிறந்துச்சு. இன்னிக்குக் காலையில வீட்டுக்கு வந்துட்டாங்க. எல்லாம் அவன் செயல்."

"படகு?"

"கட்டி இழுத்துட்டு வந்து மணல்ல போட்டிருக்காங்க."

சிவகாமி அம்மை எழுந்து நடந்தார். மாசிலாமணி பின்னால் போனார்.

படகு ஒருபக்கமாகச் சாய்ந்து கிடந்தது. உள்ளே சேறும் பாசியும்.

"எஞ்சினுக்கு மேல இருக்கிற பலகையைத் தூக்குங்க."

மாசிலாமணி தூக்கினார். எஞ்சினைக் குளிரவைக்க வெளியிலிருந்து தண்ணீர் இழுக்கும் ரப்பர் குழாய் கழன்று தொங்கியது. அதை இறுக்கிப் பிடித்திருந்த கிளிப் துருவேறி அறுந்திருந்தது. அம்மை அதைக் கழற்றி எடுத்தார். ஓரம் விரலில் பொடியாக உதிர்ந்தது.

"எத்தனை நாளா கசியுது?"

"லேசாத்தான் கசியும். நாலஞ்சு மாசமா."

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். பம்ப் இருக்கே, இறைச்சுடும்னு விட்டுட்டேன்."

அம்மை பம்பின் வயரைத் தொட்டார். முனை பச்சை பூத்துப்போய்க் கையோடு வந்தது.

"குழாய்க்கு அடியில ஒரு வால்வு இருக்கு. அதை மூடியிருந்தாலே தண்ணி நின்னிருக்கும். மூடுனீங்களா?"

"திருகிப் பாத்தேன். இறுகிப்போயிருந்துச்சு."

"அதுக்கு முன்னாடி எப்போ திருகிப் பாத்தீங்க?"

மாசிலாமணி யோசித்தார். நினைவுக்கு வரவில்லை.

"வாரம் ஒரு தடவை பலகையைத் தூக்கிப் பாருங்கன்னு சொன்னேனே."

"காலையில தியானம் இருக்கேம்மா. எண்ணெயிலயும் சேத்துலயும் கையை விட்டா மனசு கலைஞ்சுபோகுது."

கிளிப் அவர் காலடியில் வந்து விழுந்தது. எறிந்த வேகத்தில் மணல் தெறித்தது.

"வா" என்றார் அம்மை. அவரை ஒருமையில் அழைத்தது அதுதான் முதல் தடவை.

நாகவல்லி பாயில் படுத்திருந்தாள். பக்கத்தில் துணியில் சுற்றிய குழந்தை. வாசலில் அம்மையைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தாள். பின்னால் நின்றவரைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"என்கிட்ட சொன்னதை இவகிட்ட சொல்லு" என்றார் அம்மை.

மாசிலாமணி ஓரடி பின்வாங்கினார்.

"படகு முங்குறப்போ உன் மனசு எப்படி இருந்துச்சு? சொல்லு!"

பக்கத்து வீட்டுக்காரர்கள் வெளியே வந்து பார்க்கும் அளவுக்கு அந்தக் குரல் உயர்ந்தது.

"அமைதியா... இருந்துச்சு."

நாகவல்லி திரும்பினாள்.

"அமைதியாவா இருந்துச்சு உனக்கு? எனக்கு இடுப்பு வரைக்கும் தண்ணிய்யா. உன்னைப் பாத்துக் கத்துறேன், நீ கண்ணை மூடிக்கிட்ட. சாமி கும்புடுறியாக்கும்னு நினைச்சேன். நோவுல முதுகு பிளக்குது. பிளாஸ்டிக் டப்பாவை எடுத்து நான்தான் இறைச்சேன். இறைக்க இறைக்க ஏறுது. 'யோவ், கண்ணைத் திறய்யா, கண்ணைத் திறய்யா'ன்னு எத்தனை தடவை கத்துனேன் தெரியுமா? அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் எறாக்காரங்க வந்தாங்க. உன் அமைதியைக் கேட்டு இல்ல."

குழந்தை வீறிட்டது. அதை வாரி மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"இந்தாளை வெளிய போகச் சொல்லுங்கம்மா. பாத்தாலே வயிறு எரியுது."

இருவரும் வெளியே வந்தார்கள். வெயில் ஏறியிருந்தது. மாசிலாமணி பத்தடி நடந்தார். பிறகு நின்றுவிட்டார். உள்ளங்கையால் தன் நெற்றியில் ஓங்கி அறைந்துகொண்டார். மறுபடியும் அறைந்துகொண்டார். அம்மை தடுக்கவில்லை.

"ஒரு திருப்புளி, ஒரு புது கிளிப். கால் மணி நேர வேலைம்மா. நாலஞ்சு மாசம் அந்தத் தண்ணியைப் பாத்துக்கிட்டே இருந்திருக்கேன். அவ இறைச்சிருக்கா, நான் கண்ணை மூடிக்கிட்டு உக்காந்திருக்கேன்."

அவர் திரும்பி நாகவல்லியின் வீட்டைப் பார்த்தார்.

"என் மேல எனக்கே அப்படிக் கோபம் வருது. உடம்பெல்லாம் பத்தி எரியுது. இதை எப்படிம்மா அடக்குறது?"

"அடக்காதே" என்றார் சிவகாமி அம்மை. "அது ஆறுறதுக்குள்ள திருப்புளியை எடுத்துக்கிட்டுப் போய்ப் படகுல இறங்கு."