வெந்த விதை

ராஜாக்கள் எல்லாம் கல்லால் கோட்டை கட்டிக்கொண்டிருந்த காலம் அது. அந்தக் காலத்தில் நெடுவரப்பூர் என்று ஓர் ஊர். அந்த ஊர்க்காரர்கள் கட்டியது வைக்கோல் கோட்டை. அதற்குள்ளே இருந்தது விதைநெல்.

தை பிறந்து அறுப்பு முடியும். கதிரை அடித்து, தூற்றி, பதர் போக்கி, வெயிலில் காயவைப்பார்கள். அதில் மணி திரண்ட நெல்லாகப் பார்த்து ஒதுக்கி, வைக்கோல் பிரியைச் சுற்றிச் சுற்றிப் பந்து போலக் கட்டி, மேலே சாணம் பூசி மெழுகுவார்கள். அதுதான் விதைக்கோட்டை.

அந்த ஊரில் தன் விதையைத் தானே விதைக்கும் வழக்கம் இல்லை. எல்லோர் கோட்டையும் ஊர்க் களஞ்சியத்துக்குப் போகும். நிலம் குறைந்த வீடு ஒன்று கொடுக்கும், நிறைந்த வீடு மூன்று கொடுக்கும். விளைச்சல் கெட்டுப்போன வீடு, கெட்டுவிட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனி மாதம் ஆற்றில் தண்ணீர் வந்ததும் சீட்டுப் போட்டு எல்லோருக்கும் பகிர்ந்து கொடுப்பார்கள். கொடுக்காத வீட்டுக்கும் அதில் பங்கு உண்டு.

களஞ்சியத்துக்குக் காவல் உலகம்மை என்ற பெண். புருஷனை இழந்தவள், பிள்ளை இல்லாதவள். எந்தக் கோட்டை யார் வீட்டுக் கட்டு என்பது அவளுக்கு மட்டுமே தெரியும். அதை யாருக்கும் சொல்வதில்லை என்று சாமி முன்னால் சத்தியம் செய்தவள் அவள். கட்டி வந்த கோட்டையை அவள் பிரித்துப் பார்ப்பதும் இல்லை. அது கட்டியவனை நம்பாததற்குச் சமம் என்பது ஊர் எண்ணம்.

அந்த ஊரில் திருமேனி என்று ஒரு குடியானவன். நல்ல உழைப்பாளி. ஏழு வருஷமாகக் களஞ்சியத்தில் முதல் கோட்டை வைப்பவன் அவன்தான். முதல் கோட்டை வைப்பவனுக்கு ஊர்த்தலைவர் பரிவட்டம் கட்டுவார். அந்தத் துணியைத் தலையில் கட்டிக்கொண்டு தெருவழியே நடந்து வருவதற்காகவே திருமேனி வருஷமெல்லாம் உழைத்தான் என்றுகூடச் சொல்லலாம்.

எட்டாவது வருஷம் அறுப்பு நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. மற்றவர்கள் அறுத்த நனைந்த கதிர்களைப் பரப்பி, புரட்டிப்போட்டு, ஈரம் போகக் காத்திருந்தார்கள். திருமேனிக்கு மனைவி ஆவுடையின் ஊரில் ஒரு கல்யாணம். அவன் ஈரக் கதிரை அப்படியே போராக அடுக்கிவிட்டுக் கிளம்பினான். போனவன் விருந்து ருசியில் மூன்று நாள் தங்கிவிட்டான்.

திரும்பி வந்து போரைப் பிரித்தபோது உள்ளிருந்து ஆவி வந்தது. கைவைத்தால் சுட்டது. ஈரம் உள்ளேயே புழுங்கியிருந்தது.

அடித்துக் காயவைத்த பிறகு நெல் பார்க்கப் பொன்னாகத்தான் இருந்தது. ஆனாலும் திருமேனிக்குச் சந்தேகம். ஒரு பிடி நெல்லை ஈரத்துணியில் முடிந்து வைத்தான். முதல் நாள் முளை இல்லை. இரண்டாம் நாள் முளை இல்லை. மூன்றாம் நாள் பிரித்தபோது நெல் கொழகொழவென்று கையில் ஒட்டியது.

"கெட்டுப்போச்சுன்னு சொல்லிருங்க," என்றாள் ஆவுடை. "சொன்னா யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க."

"பரிவட்டத்தை வேற ஒருத்தன் கட்டிக்கிட்டுப் போறதை நான் பாத்துக்கிட்டு நிக்கணுமா?" என்றான் திருமேனி.

அந்த நெல்லையே மூன்று கோட்டையாகக் கட்டினான். வழக்கத்தைவிட அழகாகக் கட்டினான். வழக்கத்தைவிட வழவழப்பாக மெழுகினான்.

களஞ்சிய வாசலில் உலகம்மை கோட்டையைக் கைநீட்டி வாங்கினாள். வாங்கியவள் ஒரு நொடி நின்றாள்.

"அண்ணே, நெல்லு வெந்த வாடை அடிக்குதே."

"சாணி வாடைம்மா. இன்னிக்குக் காலையிலதான் மெழுகினேன்."

அவள் தலையசைத்து உள்ளே கொண்டுபோனாள். ஊர்த்தலைவர் பரிவட்டம் கட்டினார். திருமேனி தெருவழியே நடந்து வந்தான். அவன் உண்மையை மறைத்தது இது முதல் தடவை.

ஆனி மாதம் பிறந்தது. ஆற்றில் தண்ணீர் வந்தது. சீட்டுப் போடும் அன்று காலையில் உலகம்மை திருமேனியின் வயலுக்கே வந்துவிட்டாள். அவன் வரப்பு வெட்டிக்கொண்டிருந்தான்.

"அண்ணே, எங்கிட்ட ஏதாவது சொல்லணுமா? இப்ப சொன்னீங்கன்னா மூணு கோட்டையையும் ஓரமா ஒதுக்கி வச்சிருவேன். யார் கட்டுன்னு யாருக்கும் தெரியாது. மத்ததைக் கொஞ்சம் கொஞ்சம் குறைச்சுக் கொடுத்தா எல்லாருக்கும் எட்டிரும்."

மண்வெட்டியைப் பிடித்திருந்த கை நின்றது. சொல்லிவிடலாம் என்றுதான் அவனுக்கும் இருந்தது. ஆனால் தை மாதம் சாணி வாடை என்று சொன்னது அவன்தானே. இப்போது உண்மையைச் சொன்னால் அன்று சொன்னது பொய் என்று ஆகிவிடும்.

"சொல்ல ஒண்ணுமில்லை தாயி," என்று மறுபடியும் குனிந்து வெட்டினான். இது இரண்டாம் தடவை.

கட்டியவன் சொல்லை மீறிக் கோட்டையை ஒதுக்க உலகம்மைக்கு வழக்கம் இடம் தரவில்லை. சீட்டு விழுந்தது. திருமேனியின் மூன்று கோட்டையும் மூன்று வீட்டுக்குப் போயின. அதில் ஒன்று பிச்சாண்டியின் வீடு. பிச்சாண்டிக்கு இருந்தது துண்டு நிலம், ஒரு ஜோடி மாடு, மனைவி, நான்கு வயதில் ஒரு பெண் குழந்தை. ஐந்து நாளில் ஊர் நாற்றங்கால் எல்லாம் பச்சை கண்டது. திருமேனி வாங்கி விதைத்த விதையும் ஊசி ஊசியாகக் கிளம்பியது. அந்த மூன்று வீட்டு நாற்றங்கால் மட்டும் சேறாகவே கிடந்தது. மாற்றி விதைக்க ஊரில் யாரிடமும் ஒரு மரக்கால் விதை மிச்சம் இல்லை.

ஊர் கூடியது. விதை நனைந்துவிட்டது, காவல்காரி கவனிக்கவில்லை என்று பேச்சு எழுந்தது. உலகம்மையை நடுவில் நிறுத்தினார்கள்.

"விதை நனையலை," என்றாள் அவள். "அந்த மூணும் ஒரே வீட்டுக் கட்டு. வரும்போதே வெந்துதான் வந்துச்சு."

"எந்த வீடு?"

"அதை நான் சொல்லக் கூடாது. கட்டினவங்கதான் சொல்லணும்."

சொல்லிவிட்டு அவள் தரையைப் பார்த்து நின்றாள். மறந்தும் திருமேனி இருந்த பக்கம் திரும்பவில்லை. சத்தியத்தைக் காட்டித் தன் தப்பை மறைக்கிறாள் என்று கூட்டத்தில் குரல்கள் எழுந்தன.

ஊர்த்தலைவர் கையமர்த்தினார். "திருமேனி, எட்டு வருஷமா முதல் கோட்டை வச்சவன் நீ. விதையைப் பத்தி உன்னைவிடத் தெரிஞ்சவன் இங்க இல்லை. நீயே சொல்லு."

திருமேனி எழுந்தான். தலையில் பரிவட்டத்தோடு தெருவில் நடந்தது நினைவுக்கு வந்தது. எதிரே பிச்சாண்டி தன் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றான்.

"கூரையில எங்கேயாவது ஒழுக்கு இருந்திருக்கும்," என்றான் திருமேனி.

இது மூன்றாம் தடவை.

அன்றைக்கே உலகம்மையைக் காவலிலிருந்து நீக்கினார்கள். ஊர் கொடுத்துவந்த படிநெல்லும் நின்றது. ஒரு துணி மூட்டையோடு அவள் கிழக்கே போகும் பாதையில் நடந்தாள். ஐப்பசியில் வந்த உப்பு வணிகர்கள், வழியில் ஒரு பாழ்மண்டபத்தில் பசியில் செத்துக்கிடந்த ஒரு பெண்ணைப் புதைத்துவிட்டு வந்ததாகச் சொன்னார்கள். மூட்டையின் அடையாளம் கேட்டு ஊர் அது யார் என்று தெரிந்துகொண்டது.

பிச்சாண்டி முதலில் ஒரு மாட்டை விற்றான். பிறகு இன்னொன்றையும் விற்றான். அதுவும் தீர்ந்த பின் காட்டுக் கிழங்கு தோண்டி வந்து அவித்துக் கொடுத்தான். அடுத்த அறுப்பு வருமுன்னே அவன் குழந்தை போய்விட்டது.

அதன் பிறகு களஞ்சியத்தை யாரும் நம்பவில்லை. அவரவர் கோட்டையை அவரவர் வீட்டு உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டார்கள். திருமேனியும் அப்படியே செய்தான். தப்பித்துவிட்டோம் என்று நினைத்தான். ஆனால் ஆவுடை அவனோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். சோறு போடுவாள், தண்ணீர் வைப்பாள், எழுந்து போய்விடுவாள்.

இரண்டு வருஷம் கழிந்தது. ஒரு சித்திரை மதியம். அனல் காற்று வீசிக்கொண்டிருந்தது. அடுப்பிலிருந்து ஒரு பொறி திருமேனி வீட்டுக் கூரையில் ஏறியது. ஊரார் குடத்தோடு ஓடி வருவதற்குள் வீடு எரிந்து முடிந்தது. உத்தரத்தில் தொங்கிய விதைக்கோட்டைகளும் சாம்பலாயின. களஞ்சியம் இருந்த காலத்தில் இப்படி ஒரு தீ யாரையும் விதையில்லாமல் நிறுத்தியதில்லை.

ஆனி மாதம் திருமேனி விதை கேட்டு நடந்தான். முதல் வீட்டில், "எங்களுக்கே அளவாத்தான் இருக்கு," என்றார்கள். இரண்டாம் வீட்டிலும் அதையே சொன்னார்கள். அவர்கள் சொன்னது பொய்யில்லை. தனித்தனியாகச் சேர்த்துவைக்கும் ஊரில் யாரிடமும் உபரி இருக்காது.

மூன்றாவதாக அவன் பிச்சாண்டி வீட்டு வாசலில் நின்றான். பிச்சாண்டி ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே போய்த் தன்னிடம் இருந்த ஒரே கோட்டையை இறக்கி, பிரியை அவிழ்த்து, நெல்லைச் சரிபாதியாகப் பிரித்தான்.

"எடுத்துக்கோங்க அண்ணே. விதையில்லாத வீடு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்."

திருமேனி நெல்லைத் தொடவில்லை. வாசலில் அப்படியே உட்கார்ந்தான். "அந்த மூணு கோட்டையும் என்னுதுதான் பிச்சாண்டி. வெந்த நெல்லுன்னு தெரிஞ்சேதான் கட்டினேன்."

உள்ளே பிச்சாண்டியின் மனைவி முறத்தைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிச்சாண்டி பிரித்த நெல்லில் ஒரு பாதியை அவன் பக்கம் தள்ளினான்.

"அன்னிக்குச் சபையில சொல்லியிருந்தா அந்தம்மா இருந்திருப்பாங்க," என்றான். "அதுக்கு முந்தியே சொல்லியிருந்தா என் பொண்ணும் இருந்திருக்கும். இப்ப சொல்லி யாரு வரப்போறா? பிரிச்ச நெல்லைத் திரும்பச் சேக்க மாட்டேன். எடுத்துக்கிட்டுப் போங்க. இனிமே இந்த வாசலுக்கு வராதீங்க."

திருமேனி அந்த விதையை விதைத்தான். அது பழுதில்லாமல் முளைத்தது. நன்றாகவே விளைந்தது. ஆனால் சங்கதி அதற்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. யாரும் அவனை ஏசவில்லை, அடிக்கவில்லை. தை மாதம் அறுப்புக்கு ஆள் கூப்பிட்டுத் தெருத்தெருவாகப் போனான். ஒரு வீட்டிலிருந்தும் ஒருவரும் அரிவாளோடு இறங்கவில்லை. அவனும் ஆவுடையும் மட்டும் ஒரு மூலையிலிருந்து அறுக்கத் தொடங்கினார்கள். பாதி வயலைத் தாண்டுவதற்குள், முற்றிய கதிர் எல்லாம் தானாக மண்ணில் உதிர்ந்தது.

கேட்டவர்களே, தன் தவற்றைச் சொல்ல வேண்டிய வேளையில் சொல்லாதவன் அதன் தண்டனையைக் குற்றமற்றவர் தலையில் ஏற்றுகிறான், வேளை கடந்து அவன் சொல்லும் உண்மை போனவர்களைத் திரும்பக் கொண்டுவராது.