காற்றின் பங்கு

கடலோரத்தில் நெய்தல்பட்டி என்று ஒரு சின்ன ராஜ்யம். அதை ஆண்ட வேங்கைமாறன் நல்லவர்தான். ஆனால் தண்டோரா போட்டுச் சொன்ன சொல்லை மட்டும் மாற்ற மாட்டார்.

கார்த்திகை பிறந்தால் அந்த ஊரில் புயலுக்குப் பஞ்சமில்லை. அதனால் ராஜா ஓர் ஏற்பாடு செய்திருந்தார். தை அறுவடையில் வீட்டுக்கு ஒரு மூட்டை நெல் அரண்மனைக்கு வர வேண்டும். புயலில் வீடு போனால் அரண்மனை கட்டித் தரும். மழைக்காலத்துக்கு முன்பே கூரையைக் கயிறு போட்டு இறுக்கி, மேலே சாய்ந்த கிளைகளை வெட்டி வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

தண்டோரா வாசகத்தைச் சொல்லிக் கொடுத்தவர் பொக்கிஷதாரர் ஏகம்பர்; அதில் புயல் என்று வராது, 'காற்றில் போன வீடு' என்றுதான் வரும். வாங்கும்போது விரிகிற கை, கொடுக்கும்போது மூடிக்கொள்ளும்.

அந்த வருஷம் அடித்தது பேய்ப்புயல். மேட்டு வயல்கள் தப்பின, வீடுகள் தப்பவில்லை. சடைச்சி என்பவள் கூரையைக் கட்டியிருந்தாள், முருங்கைக் கிளையைக் கழித்திருந்தாள். என்ன பயன்? காற்று பிய்த்து ஓட்டையாக்கிய கூரை வழியே மழை இறங்கி, மண்சுவர் கரைந்து உட்கார்ந்துவிட்டது. கவிழ்த்த வண்டிக்கு அடியில் பிள்ளைகளோடு முடங்கினாள்.

ஏகம்பர் வந்து பார்த்தார். சுவரைக் கரைத்தது மழை, தண்டோராவில் சொன்னதோ காற்று, ஆகவே ஒன்றும் கிடையாது என்றார். ஊர் முழுக்க அதே பதில்தான்.

ஜனங்கள் சபைக்கு வந்து அழுதார்கள். ராஜாவுக்கு மனசு இளகியது. ஆனாலும், அறைந்த சொல்லை மாற்றினால் நாளைக்கு எந்தச் சொல் நிற்கும் என்று தயங்கினார்.

அப்போது எழுந்தான் பூவணன். ராஜாவுக்கு அருகில் உட்கார்ந்து வாயால் பிழைக்கிறவன்.

"மாற்றவே வேண்டாம் அரசே. காற்றுக்கு மட்டும்தான் காப்பு. அப்படியே இருக்கட்டும்."

ஏகம்பர் முகம் மலர்ந்தது. சடைச்சி பார்த்த பார்வையில் பூவணனுக்கே உடம்பு சுட்டது. அதன்பிறகு தெருவில் யாரும் அவனோடு பேசவில்லை. அவனுக்கு அது உறுத்தத்தான் செய்தது. இருந்தாலும் தை அறுவடைக்காகக் காத்திருந்தான்.

தை பிறந்தது. ஜனங்கள் களத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்தபோது பூவணன் போய் நின்று ஏதோ சொன்னான். புயலுக்குப் பிறகு சடைச்சி அன்றுதான் முதன்முதலாகச் சிரித்தாள்.

மறுவாரம் அரண்மனை வாசலில் வீட்டுக்கு ஒரு மூட்டை வந்து இறங்கியது. அத்தனையும் புடைத்துக்கொண்டு நின்றன. ஏகம்பர் ஆசையாக ஒன்றை அவிழ்த்தார். அடுக்குத் தும்மல் வந்தது. உள்ளே இருந்தது வெறும் பதர். அடுத்த மூட்டையும் பதர். எல்லாமே பதர்.

தாடியெல்லாம் பதராக ராஜாவிடம் ஓடினார். ராஜா பூவணனைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"இது உன் வேலைதானே?"

"ஏகம்பர் சொன்னபடிதான் அரசே. புயலைக் காற்று தனி, மழை தனி என்று பிரித்தவர் அவர். நாங்கள் நெல்லைப் பிரித்தோம். தூற்றும்போது காற்று எடுத்துக்கொள்வது பதர். காற்றுக்குத்தானே காப்பு? காற்றின் பங்கைக் கொண்டுவந்துவிட்டோம்."

"நெல்மணி எங்கே?" என்று கத்தினார் ஏகம்பர்.

"அது மழை விளைவித்தது. மழையோடுதான் உங்களுக்குச் சம்பந்தமே இல்லையே, ஐயா."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து ஓய்ந்ததும், பழைய சொல்லே நின்றால் களஞ்சியத்தில் பதர்தான் நிற்கும் என்று, புதிதாகத் தண்டோரா போடச் சொன்னார்: காற்றானாலும் மழையானாலும் புயல் ஒன்றே, போன வீடு அத்தனையும் அரண்மனைச் செலவு. பூவணன் தோளில் தம் பட்டுச் சால்வையைப் போர்த்தினார்.

ஏகம்பருக்கும் ஓர் உத்தரவு கிடைத்தது. கடைசி வீடு எழும்பும்வரை அவர் கடற்கரையில் ஓலைக்குடிசையில் இருந்து, வீடு கட்டும் வேலையை நடத்த வேண்டும். போனவர், வேலையை ஆற அமரத்தான் நடத்தினார். மாசியில் ஒரு மழை பெய்து குடிசை ஒழுகியதாம். மறுநாளிலிருந்து ஊரில் கொத்தனார்கள் உட்கார்ந்து வெற்றிலை போடக்கூட அவர் விடவில்லை.