மூணு கூடையும் ஒத்தக்கொடுக்கு நண்டும்

மணலு முடிஞ்சு தண்ணி தொடங்குற இடத்துல சங்கந்துறைன்னு ஒரு ஊரு இருந்துச்சாம். ஊரு பூரா வள்ளத்துல போயி மீன் பிடிக்கிற சனம். அந்தச் சீமைக்கு ஒரு ராசா இருந்தாரு, நல்ல ராசாதான், ஆனா கடல்னா அவருக்கு அம்புட்டுப் பயம், கால நனைக்கக்கூட மாட்டாரு. சிரிக்காதீங்க, அந்தப் பயந்த ராசாவாலதான் ஊருக்கே ஒரு நல்லது நடந்துச்சு.

என்ன பண்ணாரு? கரையில தென்ன மரத்தை விட ஒசரமா ஒரு கம்பத்தை நட்டாரு, நட்டுட்டு மூணு பனையோலைக் கூடைக்குக் காவி பூசுனாரு, பூசிட்டுத் தண்டோரா போட்டாரு. "ஒரு கூடை ஏறுனா காத்து வருது, தூரமாப் போகாத! ரெண்டு கூடை ஏறுனா வலையைச் சுருட்டிட்டுக் கரைக்கு வா! மூணு கூடை ஏறுனா புயலு, கடல்ல கால வைக்காத! மீறி வச்சா வள்ளத்தைப் பிடுங்கிருவேன்!"

கூடை ஏத்துறதுக்குக் கொம்பையான்னு ஒருத்தனை வச்சாரு. கூடை மணியம்னு ஊருல அவனுக்குப் பேரு. மேகத்தைப் பாப்பான், காத்தை மோப்பான், அலையை எண்ணுவான், அப்புறம் கூடையை ஏத்துவான். கொஞ்ச நாளு ஒழுங்காத்தான் இருந்தான். ஆனா நண்டு கொழுத்தா வளையில தங்குமா? இவனும் கொழுத்தான். மொட்டைப்பாறைக்குப் பின்னால யாருக்கும் தெரியாம ஒரு பெரிய வள்ளத்தை வாங்கி நிறுத்திக்கிட்டான்.

ஒருநா காலையில வானம் கழுவி விட்ட மாதிரி இருக்கு, ஒரு பொட்டு மேகமில்ல, பாத்தா மூணு கூடையும் சரசரன்னு மேல ஏறிருச்சு! சனமெல்லாம் "ஐயோ புயலு, ஐயோ புயலு"ன்னு வள்ளத்தை மேட்டுக்கு இழுத்துப்போட்டுட்டு வீட்டுல உக்காந்துருச்சு. அந்தப் பய என்ன பண்ணான் தெரியுமா? பைய பாறைக்குப் பின்னால போனான், மச்சானைக் கூப்பிட்டான், வள்ளத்தைத் தள்ளுனான், கடல்ல இருக்குற மீனு பூராத்தையும் தான் ஒருத்தனே அள்ளிட்டு வந்துட்டான்!

அந்த ஊருல முத்துப்பேச்சின்னு ஒரு பொம்பள. கருவாடு காயப்போடுறவ. அவ புருசன் சுடலை மீன் பிடிக்கப் போவான். இவ கரையில கருவாட்டுக்குக் காக்கா விரட்டிக்கிட்டே ஒரு ஒத்தக்கொடுக்கு நண்டுகிட்டப் பேசிக்கிட்டு இருப்பா. அதனால ஊருல அவளுக்கு அரைக்கிறுக்குன்னு பேரு. நம்ம சனம் அப்படித்தான், கூடப் பேச ஒரு ஆளு கிடைச்சுட்டா அடுத்தவங்களுக்குப் பொறுக்காது.

அன்னைக்கு அவ கேட்டா: "நண்டே நண்டே, ஒத்தக்கொடுக்கு நண்டே, புயலு வருதாமே, மேட்டுக்கு ஏறலியா?"

நண்டு சொல்லிச்சு: "நான் எதுக்குக்கா ஏறணும்? வீடு மணல்ல, சோறு தண்ணியில, நான் பாட்டுக்கு இருக்கேன்."

அன்னைக்குப் பூரா ஒரு இலை அசையல.

மறுநாளும் மூணு கூடை. மறுநாளும் கேட்டா, "நண்டே நண்டே, ஒத்தக்கொடுக்கு நண்டே, மேட்டுக்கு ஏறலியா?" "நான் எதுக்குக்கா ஏறணும்? வீடு மணல்ல, சோறு தண்ணியில." அன்னைக்கும் இலை அசையல.

மூணாம் நாளும் மூணு கூடை! வீட்டுல அரிசி தீந்துபோச்சு, பிள்ளைங்க கஞ்சித்தண்ணியக் குடிச்சுட்டுச் சுருண்டு கெடக்கு. நண்டு அதே பதிலச் சொல்லிச்சு. முத்துப்பேச்சிக்கு வந்துச்சே ஒரு கோவம்! சேலையை இடுப்புல சொருகிக்கிட்டு மொட்டைப்பாறை மேல ஏறிப் பாத்தா, அடேயப்பா, கொம்பையா வள்ளம் நெறைய சீலா மீனு, வெயில்ல தகதகன்னு மின்னுது!

ஓடியாந்து ஊரைக் கூட்டிச் சொன்னா. ஊரே கொதிச்சுப்போச்சு. "நாளைக்கு மூணு கூடை இல்ல, முப்பது கூடை ஏத்தட்டும், நாம கடலுக்குப் போறோம். வள்ளத்தைப் பிடுங்குனாப் பிடுங்கட்டும். இங்க பட்டினியில சாகுறதுக்கு அது தேவலாம்!"

நாலாம் நாளு விடிஞ்சுச்சு. மூணு கூடையும் மேல இருக்கு. சனம் அதைப் பாத்துக் கெக்கெக்கேன்னு சிரிச்சுச்சு, சிரிச்சுட்டு வள்ளத்தைத் தண்ணிக்குத் தள்ள ஆரம்பிச்சுருச்சு. முத்துப்பேச்சி கருவாட்டைப் பரப்பலாம்னு வந்தா, வந்தா... நண்டைக் காணோம்! வளையை மண்ணு வச்சு அடைச்சிருக்கு! தேடுனா, அது மேட்டுல அம்மன் கோயில் படியில ஏறிக்கிட்டு இருக்கு.

"நண்டே நண்டே, ஒத்தக்கொடுக்கு நண்டே, எங்க ஏறுற?"

"நில்லாதக்கா, ஓடு! அடிக்கடலு முழங்குது, உச்சிப்பொழுதுக்குள்ள வந்துரும். இன்னைக்கு நெசம்க்கா, நெசம்!"

அவ கடலைத் திரும்பிப் பாத்தா, சுடலை வள்ளம் பாதி தண்ணிக்குள்ள போயிருச்சே! ஓடுனா பாருங்க ஓட்டம்!

"ஏங்க, எறங்குங்க! யாரும் போவாதீங்க, புயலு வருது!"

சுடலை கேட்டான்: "ஏ பேச்சி, நேத்து நீதானே கூடை பொய்யின்னு சொன்ன?"

"நேத்துப் பொய், இன்னைக்கு நெசம்!"

"ஏத்துனது அதே கொம்பையாதானே?"

"அவன் பொய்யாத்தான் ஏத்துனான், அது நெசமாப் போச்சே! நான் என்ன செய்ய?"

எல்லாரும் சிரிச்சாங்க. "கிறுக்கு முத்திருச்சு டோய்!" அழுதா, கும்புட்டா, வள்ளத்துக் கயித்தைப் பிடிச்சுத் தொங்குனா. யாரும் கேக்கல. அப்பத்தான் ஒருத்தன் "ஏய், என்னடா இது!"ன்னு காலைத் தூக்கிக் குதிச்சான். பாத்தா நண்டு! ஒண்ணா ரெண்டா? ஆயிரம், பத்தாயிரம்! கரையே செவப்பாப் போச்சு! கால் மேல ஏறி, வலை மேல ஏறி, வள்ளத்தைத் தாண்டி, பூராவும் மேட்டைப் பாத்து ஓடுது. சுடலை நண்டைப் பாத்தான், பொண்டாட்டியைப் பாத்தான். மொத ஆளாத் துடுப்பைக் கீழ போட்டான். "இழுங்கடா மேல! ஐலசா!"

கொம்பையா எங்கன்னு கேளுங்க. கேட்டீங்களா? நடுக்கடல்ல! மச்சான் ரெண்டு வாட்டி வலை வீசிட்டுத் திரும்பிப் பாத்துச் சொன்னான், "மச்சான், கரையில மூணு கூடை தெரியுதே!"

"அட மடப்பயலே, அதை ஏத்துனதே நாந்தாண்டா!"

காத்து விர்ருன்னு வீசுச்சு. "மச்சான், மூணு கூடை..."

"ஏத்துனதே நாந்தாண்டா, வலையை இழு!"

தெக்க வானம் கருகருன்னு இருட்டுச்சு. பாறை மேல முத்துப்பேச்சி சேலைத் தலைப்பை வீசி, "திரும்பிருங்க அண்ணாச்சி"ன்னு தொண்டை கிழியக் கத்துறா. என்ன இருந்தாலும் அவனும் ஒரு தாய் பெத்த பிள்ளைதானே. "மச்சான், மூணு கூ..."

"நாந்தா..."

சொல்லி முடிக்கல, பனைமரம் ஒசரத்துக்கு ஒரு அலை வந்து வள்ளத்தை அப்பளமா நொறுக்கிருச்சு! மீனெல்லாம் கடலுக்கே போயிருச்சு. பொய் சொன்ன வாய்க்குப் போசனம் கிடைக்காதும்பாங்களே, அதுதான். ரெண்டு பேரும் ஒரு பலகையைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு, சாயங்காலம் கோமணத்தோட வந்து கரை ஒதுங்குனாங்க.

காத்து அடங்குனதும் ராசா வந்தாரு. தண்ணிக்கு நாப்பதடி தள்ளி நின்னுதான் விசாரிச்சாரு. விசாரிச்சுட்டு, "முத்துப்பேச்சி, இவனுக்கு என்ன தண்டனை கொடுக்கலாம், நீயே சொல்லு"ன்னாரு.

"பெருசா ஒரு கூடை முடையச் சொல்லுங்க ராசா, அவரை அதுல உக்கார வச்சு ஏத்துங்க. நாப்பத்தெட்டு நாளு வானத்தைப் பக்கத்துல இருந்தே பாத்துச் சொல்லட்டும்!"

அப்படியே ஏத்துனாங்க. காக்கா வந்து தலையில கொத்துது, இவன் மேல இருந்துக்கிட்டு "மேகமில்லே, காத்தில்லே"ன்னு கத்துறான், பிள்ளைங்க கீழ நின்னு கை தட்டுது.

அப்புறம் ராசா சொன்னாரு: "இனிமே கூடை ஏத்துறவங்க வீட்டுல வள்ளமே இருக்கக்கூடாது. முத்துப்பேச்சி, வள்ளத்தை வித்துரு, இந்த வேலையை நீயே பாரு."

அவ நிமுந்து நின்னு சொன்னா: "மாட்டேன் ராசா. கொம்பையா அண்ணாச்சிக்கும் வள்ளம் இருந்துச்சு, ஆனா அதைப் பாறைக்குப் பின்னால ஒளிச்சு வச்சாரு, அதுதான் கேடு. என் வீட்டு வள்ளம் ஊரு வள்ளத்தோட எல்லாரு கண்ணு முன்னாடியும் போகும். என் புருசன் அந்தத் தண்ணியில கெடந்தாத்தான் நான் கண்ணைச் சிமிட்டாம வானத்தைப் பாப்பேன்."

ராசா "அப்படியே ஆகட்டும்"னு கூடைக் கயித்தை அவ கையில கொடுத்தாரு. அன்னையிலேருந்து சங்கந்துறையில கூடை ஏத்துறது யாருன்னா, சொந்த ஆளைக் கடலுக்கு அனுப்பிட்டுக் கரையில நிக்கிறவதான். அதுக்கப்புறம் ஒரு கூடைகூடப் பொய்யா ஏறுனதில்ல.

வள்ளமும் கரையேறிருச்சு, கூடையும் கீழ எறங்கிருச்சு, என் கதையும் மணல்ல வந்து தட்டிருச்சு. நண்டு தூங்கப் போயிருச்சு, நீங்களும் போங்க.